அம்புப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பொஞ்சு

ரூபி,

ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் போ. நான் விடியவே பஸ் ஏறி நாவுலைக்குப் போகிறேன். நீ வேனில் ஏறும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அம்புகளுக்குப் பெட்டி செய்துவிட்டேன். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்ததுதான். அடிமூடியைப் பசை போட்டு ஒட்டினேன். மேல்மூடியை ஒட்டவில்லை, திருகினால் கழலும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் திறந்து காட்டச் சொல்வார்கள். வில்லைக் கழற்றிப் பலகைப் பெட்டியில் வை.

நேற்று உன் கோச் முன்னால், "அண்ணி செத்து வருஷத் திவசம் முடியல, அதுக்குள்ள உனக்குப் பிளேன் கேக்குதா?" என்று கத்தினேன்.

"அண்ணி இருந்திருந்தா அவங்களே பெட்டி செஞ்சு தந்திருப்பாங்கண்ணே" என்றாய்.

உண்மை. திவசத்தைச் சாக்காகத்தான் சொன்னேன். நீ போட்டிக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டுமே என்ற பயம். வெட்கமாக இருக்கிறது.

சாவியைப் பக்கத்து வீட்டு அபீபா அக்காவிடம் கொடு.

அண்ணன்

பி.கு: பெட்டிக்குள் வைக்க ஸ்பொஞ்சு கேட்டாய், கடையில் இல்லை என்றேன். நான் கடைக்கே போகவில்லை. உள்ளே இருப்பது எங்கள் மெத்தையில் அண்ணி படுத்த பக்கம். இரவு நானே வெட்டினேன். அழுக்கானாலும் எறிந்துவிடாதே, திரும்பக் கொண்டு வா.