பின்னறைக்குப் போகும் கம்பி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் அக்காவும் நலம். இன்டர்நெட்டும் பூரண நலம். அங்கே நீங்களும், வேளைக்கு எதையும் காணாத உங்கள் வயிறும் எப்படி இருக்கிறீர்கள்?

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி முடித்ததாகச் சரித்திரமே இல்லை. "நெட்" என்று ஆரம்பித்தாலே, "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?" என்று குறுக்கே பாய்வீர்கள். காகிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே நல்ல பிள்ளையாகக் கடைசி வரை படியுங்கள். தலைகால் புரியாத பெருமையில் இருக்கிறேன், அதைப் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்க முடியாது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன். மருத்துவமனைக்கு வீட்டிலிருந்தபடியே சைகை மொழிபெயர்க்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகப் போகிறது. அங்கே காது கேளாதவர் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார், நான் திரையில் இருப்பேன். டாக்டர் பேசுவதை நான் கையால் சொல்ல வேண்டும், அவர் கையால் சொல்வதை வாயால் சொல்ல வேண்டும். குரல் கொஞ்சம் விட்டுப் போனால் ஊகித்துக்கொள்ளலாம். கை பாதியில் நின்றால் அர்த்தமே மாறிவிடும். அன்றைக்கு ஒரு அம்மாவுக்கு, "இந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "நிறுத்து" என்ற இடத்தில் படம் உறைந்துவிட்டது. அவர் சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தே விட்டார். டாக்டர் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்ததால் பிழைத்தோம்.

அது இரண்டாவது புகார். மூன்றாவது வந்தால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று எங்கள் மேற்பார்வையாளர் அம்மா சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வருத்தப்பட்டுச் சொன்னார். "திங்கட்கிழமை ஒரு முக்கியமான சந்திப்பு இருக்கிறது, நானும் கூடவே இருந்து பார்ப்பேன், அதை வைத்துத்தான் உங்களை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம்" என்றும் சொன்னார்.

நீங்களும் உங்களால் ஆனதைச் செய்தீர்கள், மறுக்கவில்லை. அடுத்தவர் கட்டடத்துக்கெல்லாம் மாடி மாடியாக நெட் இழுத்துக் கொடுக்கிறவர் வீட்டிலேயே நெட் நின்றால் உங்களுக்கு மட்டும் நன்றாகவா இருக்கும்? தினமும் சாயங்காலம் போனில் பதினோரு கேள்வி கேட்டீர்கள். ரூட்டர் பெட்டியை அணைத்து முப்பது எண்ணிப் போட்டேன். லேப்டாப்பில், பின்னறைக்குச் சரியாக எட்டாத வைஃபையை நிறுத்தி, கூடத்துப் பெட்டியிலிருந்து வரும் கம்பியில் மட்டும் ஓட விட்டேன். வேகம் அளந்து எண்களை வாசித்தேன். நீங்கள் போனில் இருக்கிற நேரத்தில் எல்லாம் நெட் ராஜநடை போட்டது. கடைசியில், "நீ எதையாச்சும் அமுக்கியிருப்ப" என்றீர்கள். அடுத்த நாள், "விட்டுடும்மா, உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி, அடுத்த மாசம் லீவுல நானே வந்து பாத்துக்கறேன், அதுவரைக்கும் எதையும் தொடாத" என்றீர்கள். களைப்பில் சொன்னீர்கள் என்று தெரியும். ஆனாலும் சுருக்கென்று தைத்தது. அன்று உங்களிடம் சரியாகப் பேசாமல் வைத்ததற்கு அதுதான் காரணம், தலைவலி இல்லை.

நெட் கம்பெனி ஆளும் இரண்டு முறை வந்து போனார். முதல் முறை எல்லாம் சரியாக இருக்கிறது மேடம் என்றார். இரண்டாம் முறை, நான் விடமாட்டேன் என்று தெரிந்ததும் பெட்டியையே மாற்றிவிட்டுப் போனார். மறுநாள் புதுப் பெட்டியிலும் அதே கதை. அவர் இருக்கும்போது ஓடுகிறது, நான் வேலைக்கு உட்கார்ந்தால் நிற்கிறது. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கண்டுபிடித்தது அக்கா. அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவள் கண் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், நம் கல்யாணப் பத்திரிகையிலேயே நாலு பிழை கண்டுபிடித்தவள். காது கேட்காததால் நான் பின்னறையில் என்ன பேசினாலும் அவளுக்குத் தொந்தரவு இல்லை. கூடத்தில், பெட்டி வைத்திருக்கும் அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்ப்பாள். அன்றைக்கு நான் வேலை முடிந்து அழுத முகத்தோடு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துப் பெட்டி முன்னால் நிறுத்தினாள். "உன் அறைக்குப் போகும் கம்பி செருகியிருக்கிற இடத்தில் ஒரு விளக்கு இருக்கிறதே, எப்போதும் பச்சை, நீ உள்ளே போனதும் ஆரஞ்சாகிவிட்டது, நடுநடுவே அணைந்தும் போனது, இப்போது பார், மறுபடி பச்சை" என்று கையால் சொன்னாள்.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். பச்சை. லேப்டாப்பைத் திறந்தேன். பச்சை. அக்கா சலித்துப்போய், வேலைக்கு உட்காரும்போது என்னவெல்லாம் செய்வாயோ அத்தனையும் செய் என்றாள். தண்ணீர் வைத்தேன், மின்விசிறி போட்டேன், கதவைச் சாத்தினேன். கூடத்திலிருந்து அவள் கதவைத் தட்டிய தட்டில் கதவே பெயர்ந்திருக்கும். ஆரஞ்சு!

நோயாளி விஷயம் யார் காதிலும் விழக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. வீட்டில் இருப்பது காது கேளாத அக்கா மட்டும்தான் என்றாலும் விதி விதிதான், அதனால் கதவைச் சாத்திக்கொள்வேன். உங்களோடு போனில் பேசும்போது திறந்திருக்கும். கம்பெனி ஆள் வந்தபோதும் திறந்துதான் இருந்தது. நம்பிக்கை வராமல் ஒரு இருபது தடவை கதவைச் சாத்தித் திறந்து பார்த்தோம். கீழ் வீட்டு அம்மா மேலே ஏறி வந்து, "வீட்ல ஏதாச்சும் சண்டையா?" என்று கேட்டார். சண்டை போடுகிறவர் வெளியூரில் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள். அந்தக் கம்பியைக் கதவு நிலையோரம், கீல் பக்கமாக உள்ளே விட்டது யார்? போன லீவின் கடைசி நாள், வண்டிக்கு நேரமாகிறது என்று பரபரத்துக்கொண்டே இழுத்தவர்தான். கதவைச் சாத்தும்போதெல்லாம் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் கம்பி நசுங்கியிருக்கிறது. மின்விசிறிக் காற்றில் கதவு லேசாக அசைந்தால் போதும், படம் நின்றுவிடும். நம்ப மாட்டீர்கள் என்று தெரிந்துதான் நசுங்கிய இடத்தை விரல் நீளம் வெட்டி இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். உறை கிழிந்து செம்பு பல்லிளிப்பதைப் பாருங்கள்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சுவரில் துளை போட்டு நேராக விடுகிறேன் என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். புதுசாகப் பெயின்ட் அடித்த சுவரில் கை வைத்தால் தெரியும் சேதி என்று மிரட்டியது நான். ஆக, பழி பாதிக்குப் பாதி.

சனிக்கிழமை காலையில் உங்கள் டிரில் மெஷினை எடுத்தேன். ஆமாம், நானேதான். சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்கக் கூடாது என்று நீங்கள் யாருக்கோ சொன்னது நினைவிருந்தது, அதனால் தள்ளி, தரையோரமாகக் குறி வைத்தேன். நான் உயிராகப் பார்த்துப் பார்த்து அடிக்க வைத்த பெயின்ட் என் கண்ணெதிரே பொடியாகக் கொட்டியது. அதிசயம், ஒரு சொட்டு வருத்தமும் வரவில்லை.

புதுக் கம்பியை உள்ளே விட்டு, நுனியில் கிளிப் மாட்டும் வேலைதான் உயிரை வாங்கியது. அதற்குள் நூல் மாதிரி எட்டுக் கம்பி. உங்கள் கருவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து அக்கா நிறத்தைக் காட்டக் காட்ட, நான் அடுக்கினேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. கிளிப்புக்குள் நுழைக்கும்போது ஏதாவது ஒன்று வரிசை தாண்டும். முதல் கிளிப் வீண். இரண்டாவதில் சோதிக்கும் கருவியின் ஆறாவது விளக்கு எரியவில்லை, அதுவும் வீண். மூன்றாவதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தபோது நானும் அக்காவும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். கீழ் வீட்டு அம்மா மறுபடி வருவார் என்று எதிர்பார்த்தேன், பழகிவிட்டார் போலிருக்கிறது.

திங்கட்கிழமை. எழுதலாம் என்று மேற்பார்வையாளர் அம்மா அனுமதித்த அளவு மட்டும் எழுதுகிறேன். ஒருவருக்கு வலது கையில் அறுவை சிகிச்சை. டாக்டர் விளக்கிக்கொண்டே வந்தார். அந்த மனிதர், கை பழையபடி ஆகுமா என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மறுபடி வேலைக்குப் போகலாம், எழுதலாம், பாரம் தூக்கலாம் என்று டாக்டர் பதில் சொன்னார். அவர் கேட்டது அதில்லை. "டாக்டர், இவர் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, மறுபடி பேச முடியுமா என்று கேட்கிறார், இவருக்குப் பேச்சே கைதான்" என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, எது எத்தனை வாரத்தில் மடங்கும் என்று முதலிலிருந்து சொன்னார். நாற்பது நிமிடம். என் கை ஒரு இடத்தில்கூட உறையவில்லை. அந்த மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டு, வலிக்கிற கையாலேயே எனக்கு நன்றி சொன்னார்.

நேற்று நிரந்தரம் என்று கடிதம் வந்துவிட்டது. அக்கா அதை வாங்கி, முதலில் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். எனக்கு அவளை நினைத்தால் பெருமை தாங்கவில்லை. என்னை நினைத்தாலும்தான், எதற்கு மறைக்க வேண்டும்?

மற்றபடி விசேஷம் இல்லை. அக்காவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். உங்கள் இருமல் நின்றதா? போனில் பேசும்போது வாயைப் பொத்திக்கொண்டு இருமினால் எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

இனி உங்கள் லீவு விஷயம். போன வாரம், "சரியாயிட்டா சொல்லு, லீவ கேன்சல் பண்ணிட்டு வேலைய முடிச்சுடறேன்" என்றீர்கள். நெட் எப்படி இருக்கிறது என்று அப்புறம் நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றியது அதனால்தான். போனில் சொன்னால் அந்த நிமிடமே கேன்சல் செய்துவிடுவீர்கள்.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். முதல் லீவில் வாஷிங் மெஷின். அடுத்ததில் குளியலறைக் குழாய். போன தடவை இந்தக் கம்பி. மூன்று லீவிலும் உங்கள் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால்தான் இந்த வீட்டில் உங்களுக்கு இடம் என்று யார் சொன்னது? நானா சொன்னேன்? என்றைக்காவது என்னை அறியாமல் அப்படி நடந்துகொண்டிருந்தால் மன்னித்துவிடுங்கள்.

தயவு செய்து லீவைக் கேன்சல் செய்யாதீர்கள். குழாய் சொட்டவில்லை, மெஷின் சுற்றுகிறது, பின்னறை விளக்கு பச்சையாகவே இருக்கிறது. சரிசெய்ய ஒன்றுமே இல்லாத வீட்டுக்கு ஒரே ஒரு தடவை வந்து பாருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி