செவலைக்கு வைக்காத கடலைக்கொடி

வேங்கிக்கால்
20.10.2024

அன்புள்ள கவியா அப்பாவுக்கு,

போன்ல பேசினா பாதியிலயே சண்டை வந்துடுது, அதான் எழுதறேன். கவியா நல்லாப் படிக்குது. கடலை பிடுங்கியாச்சு. நீங்க சொன்ன மாதிரியே கொடியைப் போர் போடாம நிலத்துலயே, ஈரம் காயாம இருக்க, மூடாக்காப் பரப்பிட்டேன். பக்கத்து நிலத்து ஜோதியம்மாள் அக்கா, "ஏண்டி, மாட்டுத் தீனியை மண்ணுல கொட்டறியே, புத்தி கெட்டுப்போச்சா?"ன்னு கேட்டாங்க. கோடையில நம்ம பசு செவலைக்கு என்னத்தைப் போடுவேன்? அது பால்லதான் வீடு ஓடுது. யோசிச்சுச் சொல்லுங்க.

உங்கள்
பாஞ்சாலை


மஸ்கட்
11.11.2024

பாஞ்சாலைக்கு,

நீ அனுப்பின நிலத்துப் போட்டோ பார்த்தேன். பிரமாதம்! ரூம்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். இனிமே ஈரம் சீக்கிரம் காயாது, யூரியாவும் கம்மி பண்ணலாம். ரெண்டு வருஷத்துல வந்துடுவேன், அப்புறம் அந்த நிலம்தான் நம்மளைக் காப்பாத்தணும். மாடு விடற ஏப்பத்துலகூடப் பூமி சூடாகுதாம், வீடியோவுல சொன்னாங்க. தீனி பத்தலைன்னா வித்துடு. மண்ணு எப்படி இருக்கு, மழை எவ்ளோன்னு மறக்காம எழுது.

வளவன்


செங்கம் ரோடு, திருவண்ணாமலை
2.5.2025

கவியா அப்பாவுக்கு,

முதல்ல நீங்க கேட்டது. மண்ணு பொலபொலன்னு இருக்கு. தண்ணி பாய்ச்சறது பாதியாக் குறைஞ்சுது, கிணத்துல இன்னும் தண்ணி நிக்குது. நீங்க சொன்னது சரிதான், ஒத்துக்கறேன்.

மாசியிலயே தீனி தீந்துபோச்சு. பாலும் நின்னுடுச்சு. மனசு கேக்காம, பரப்பின கொடியை வாரிட்டு வந்து செவலை முன்னாடி போட்டேன். எல்லாம் மக்கிப்போனது. மோந்து பார்த்துட்டு என்னையே பார்த்துச்சு. அன்னிக்கு உக்காந்து அழுதேங்க. மறுவாரம் வித்துட்டேன். இப்ப சாணியும் இல்லை, அடுத்த போகத்துக்கு எருவுக்கு எங்க போறது? அதை உங்க வீடியோக்காரங்க சொல்லலையே! மாட்டு ஏப்பம் மட்டும்தான் பூமியைச் சுடுதா, நீங்க ஏறிப் போன ஏரோப்ளேன் புகையே விடலையா?

முடியலைங்க. நிலத்தை ஜோதியம்மாள் அக்காவுக்குக் குத்தகைக்கு விட்டுட்டேன். ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல சமையல் வேலை கிடைச்சிருக்கு. கவியாவும் என்கூடத்தான் இருக்குது.

மண்ணு எப்படி, மழை எப்படின்னு கேட்டீங்க. நீ எப்படி இருக்கேன்னு ஒரு தரம்கூடக் கேக்கலை. இனிமே கேட்டாலும் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

வீட்டுச் சாவி அக்காகிட்ட இருக்கு. வந்தா நிலத்தைப் பார்த்துட்டுப் போங்க. அது நல்லா இருக்கு.

பாஞ்சாலை