இருவர் பெயரில் ஒரு வீடு

மார்ச் 4

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். வீட்டைப் பூட்டியே வைக்காமல் வாடகைக்கு விடலாம் என்று போனில் ஒத்துக்கொண்டோமே, அதற்காக ஆடிட்டரைப் பார்த்தேன். இப்படியே இருவர் பெயரிலும் இருந்தால், வாடகை பாதிப் பாதியாக அவரவர் கணக்கில் ஏறும். என் சம்பளத்தோடு சேர்ந்தால் வரி அதிகம். கம்பெனி தொடங்கி வீட்டை அதன் பெயருக்கு மாற்றினால் ஒரே விகித வரி. பெயிண்ட், ரிப்பேர் எல்லாம் செலவில் எழுதலாம். மற்றதை அவர் அலுவலகமே பார்த்துக்கொள்ளும். நாம் பேசிக்கொள்ள வேண்டிய அவசியமே இருக்காது. கம்பெனிக்குப் பாப்பா பெயரை வைக்கலாமா?

பாப்பாவின் அப்பா

மார்ச் 15

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் ஆடிட்டரிடம் பேசினேன். கம்பெனி வரி கட்டிய பிறகு, மிச்சத்தை நாம் கையில் எடுக்கும்போது மறுபடி வரி உண்டாம். பத்திரச் செலவு வேறு. இதையெல்லாம் நீங்கள் எழுதவில்லை.

பாப்பா பெயர் வேண்டாம். அவள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவள் பெயருக்கு வரி நோட்டீஸ் வருவதை என்னால் பார்க்க முடியாது.

இருமல் விட்டதா? எழுதினால் வீட்டைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறீர்கள்.

பாப்பாவின் அம்மா

மார்ச் 27

பாப்பாவின் அம்மாவுக்கு,

அப்படியானால் என் பாதியையும் உனக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று ஆடிட்டரிடம் சொன்னேன். உனக்கு வருமானம் குறைவு, வரியும் குறையும் என்று நினைத்தேன். அவர் பிரயோஜனமில்லை என்று தலையாட்டினார். "மனைவிக்குச் சும்மா எழுதிக் குடுத்தா, அந்த வாடகையும் உங்க வருமானம்தான் சார். நீங்க புருஷன் பொண்டாட்டியா இருக்கற வரைக்கும்." பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: "இருக்கீங்கல்ல?"

உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இருமல் பரவாயில்லை.

பாப்பாவின் அப்பா

ஏப்ரல் 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தால் அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை.

போய் வீட்டைத் திறந்தேன். அவள் அறைச் சுவரில் ஒட்டியிருந்த நட்சத்திரங்களைச் சுரண்டி எடுத்தேன். பெயிண்டும் சேர்ந்து உரிந்துவிட்டது. வீடு பார்க்க ஒரு டெய்லரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர்கள் பெண் நேரே அந்த அறைக்குத்தான் ஓடினாள். சரி என்றுவிட்டேன்.

கம்பெனி வேண்டாம். எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். இருக்கிறோம் என்றே ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். இருவர் பெயரில் இருந்தால், வாடகை ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். வரி அதிகமாகப் போனால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை டெய்லர் வருவார். நீங்களும் வாருங்கள். அந்தச் சுவருக்கு நிறம் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். கடையில் அட்டை அட்டையாகக் காட்டினார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

பாப்பாவின் அம்மா