இன்னொரு தடவை இருமுங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

அப்பா போனதைத் தம்பி சொல்லியிருப்பான். மற்றதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

உங்கள் அமைப்பிலிருந்து படம் எடுக்க வந்த இருவரும் மரியாதையானவர்கள்தான். அணுகுண்டே கூடாதென்று நாடு நாடாகப் போய் நீ பேசுவதைப் பெருமையாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தொழிற்சாலை மெஷினில் குண்டுக்கான உலோகத்தைக் கடைந்து கடைந்து, அந்தத் தூசியில் நுரையீரல் கெட்ட கதையைச் சொன்னார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். இருமினார். மைக்கில் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை இருமுங்கள் என்றார்கள். போதும் என்றேன். "பொண்ணு கேட்டு அனுப்பியிருக்கா. விடு, இருமிட்டுப் போறேன்" என்றார். அந்தத் தடவை ரத்தம் வந்தது. அதைத்தான் நீங்கள் படத்தில் வைத்தீர்கள்.

படம் வெளியானதும் தொழிற்சாலைக்காரர்கள் ஆஸ்பத்திரி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிப்போக வந்தவர் அப்பாவோடு ஒரே ஷிப்டில் நின்றவர், தலை நிமிரவேயில்லை. வெளியில் வாங்கத் தம்பி அலைந்தான். அவன் திரும்புவதற்குள், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, உட்கார்ந்த நிலையிலேயே போய்விட்டார். விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ கூட்டத்தில் இருந்தாய். என்னைப் பேசவிடவில்லை. "அப்பா படம் ஓடுதும்மா. எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டுறாங்க, கேளு" என்று போனைத் தூக்கிப் பிடித்தாய். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

பிறகு தொழிற்சாலை ஆபீஸர் ஒருவர் வந்தார். சிகரெட் குடித்துத்தான் நுரையீரல் கெட்டது, படம் பொய் என்று எழுதிக் கொடுத்தால் இந்தக் குடியிருப்பில் இருக்கலாம், தம்பிக்கும் வேலை உண்டு என்றார். உன் அப்பா சிகரெட்டைக் கையால் தொட்டவரில்லை. கையெழுத்துப் போட்டேன். தம்பி பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள். இவர்களைத் தெருவில் விட என்னால் ஆகாது. பேப்பரில் வரும். என்னைத் திட்டு, மறுப்பு மட்டும் வெளியிடாதே.

தம்பி திங்கட்கிழமை சேருகிறான். அப்பா நின்ற அதே மெஷின்.

நீ நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. உங்கள் அமைப்பு ஜெயிக்கட்டும், அந்தக் குண்டு உலகத்திலேயே இல்லாமல் போகட்டும். தம்பிக்கு மூச்சு நன்றாக இருக்கும்போதே போகட்டும், மகளே.

இப்படிக்கு,
உன் அம்மா