தலையில்லாத மீன்

இன்று காலை விளக்குக் கம்பத்தடியில் அதே பச்சை மீன் வாடை. குனிந்து பார்த்தேன், புல்லில் ஒரு வால் கிடந்தது. திரளி மீனா, வேறேதுமா? நீர் பார்த்தவுடனே சொல்லியிருப்பீர், நண்பரே. பிறந்ததிலிருந்து மரக்கறி மட்டுமே தின்னும் எனக்கு எல்லா வாலும் ஒன்றுதான்.

நீர் போய்ச்சேர்ந்த பிறகு வந்த முதல் குளிர்காலத்திலும் நம் விராலடிப்பான் பருந்துச் சோடி வந்துவிட்டது. அதே சிட்னி ஏரிக்கரைத் திடல், அதே கம்பத்து உச்சி. கூட்டில் சுள்ளிகளோடு இம்முறை ஒரு நீலக் கயிறும் தொங்குகிறது. நானும் பழையபடி இரண்டு மடக்குக் கதிரைகளையும் கொண்டு போகிறேன். உம்முடையதில் தேநீர்ப் போத்தலை வைக்கிறேன்.

நமக்குள் வேலை பிரிந்திருந்தது. தொலைநோக்கி எனக்கு, கதை உமக்கு. நாயோடு வருபவர்கள், ஓட வருபவர்கள் எல்லோரையும் மறித்து வைத்துக் கதைப்பீர். ஆண் பறவை மீனின் தலையைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் பெட்டைக்குக் கொண்டுவரும்போதெல்லாம், "பாரும் ஐசே, ருசியான இடத்தைத் திண்டு முடிச்சுப்போட்டுத்தான் மனிசிக்குக் குடுக்கிறார். எங்கட ஆக்கள்தான்!" என்பீர்.

"முட்டை இட்டிட்டுதோ?" என்று கேட்பீர்.

"இருக்கலாம்."

"உமக்கு எண்டைக்காவது ஒண்டு நிச்சயமோ?"

அந்தக் கேள்வி இந்தக் குளிர்காலத்தில் என்னைத் தேடி வந்தது. ஒரு காலை கம்பத்தடியில் பாரந்தூக்கி லொறி நின்றது. விளக்கை மாற்ற வந்திருந்தார்கள். ஆள் மேலே போனால் பெட்டை எழுந்து பறந்துவிடும்; அந்தக் காற்றில் முட்டைகள் விறைத்துவிடும். பொறுப்பாக வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கூடு வெறுமைதான்" என்றார். கீழிருந்து அப்படித்தான் தெரியும்.

என் கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பின. நான் பார்த்தது பிழையாயிருந்தால்? பெட்டை தாழப் படுத்திருப்பதும், ஆண் வந்து இடம் மாறிக்கொள்வதும் பல நாள் பார்த்தவைதான். இருந்தும், எனக்காகச் சொல்ல யாராவது உண்டா என்று உம்முடைய கதிரையைப் பார்த்தேன். போத்தல்தான் இருந்தது.

என் கதிரையை எடுத்துப் போய் லொறிக்கும் கம்பத்துக்கும் நடுவில் விரித்து உட்கார்ந்தேன்.

"முட்டை இருக்கிறது. எனக்கு நிச்சயம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கதிரையை விட்டு எழும்பவில்லை. தொலைநோக்கியைக் காட்டி, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். சலிப்போடு குனிந்து அதில் கண்ணை வைத்தார். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஏரிப் பக்கமிருந்து ஆண் தலையில்லாத மீனோடு வந்தது. கூட்டுக்குள்ளிருந்து கறுப்புக் கோடிட்ட வெள்ளைத் தலையொன்று நிமிர்ந்தது.

"ஓ, அம்மா வீட்டில்தான் இருக்கிறா," என்றார் அவர்.

உம்முடைய பகிடியை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். பாதிதான் வந்தது. "எங்கள் வீட்டிலும் கோழிக்கால் எனக்குத்தான்," என்று சிரித்துவிட்டு யாருடனோ தொலைபேசியில் பேசினார். குஞ்சுகள் பறக்கும்வரை விளக்கு மாற்றுவதில்லை என்று முடிவாயிற்று.

இன்று காலை அந்த வாலருகே நான் நின்றபோது, மூத்த குஞ்சு கூட்டின் விளிம்பில் சிறகடித்தது. காற்று சற்றே தூக்கியது, மறுபடி இறக்கிவிட்டது. நாயோடு வந்த ஒரு பெண் நின்று, "இன்றைக்குப் பறக்குமா?" என்று கேட்டார்.

உம்முடைய பக்கம் நான் திரும்பவில்லை.

"பறக்கும்," என்றேன். போத்தலை எடுத்துப் புல்லில் வைத்துவிட்டு, உம்முடைய கதிரையைக் காட்டினேன். "இருந்து பாருங்கள்."