நாலாம் வார்த்தை

அக்கா,

இந்த வருடம் பெரிய வெள்ளிக் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. திண்டிவனத்துக் கோயிலில் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்ததை விழுப்புரம் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்தால் பூண்டும் வெந்தயமும் தேங்காயும் கலந்த வாசனை. அதற்கு அடியில் லேசாகத் தீய்ந்த நாற்றம். நீ அடுப்பருகே நின்ற வருடங்களில் அந்த நாற்றம் இருந்ததில்லை.

சாம் போன பிறகு வந்த முதல் பெரிய வெள்ளியிலும் நீதான் பூண்டு உரித்தாய். உன் ஒரே பிள்ளை. புறவழிச்சாலையில் பைக் சறுக்கி, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். மருத்துவர்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். சபையார் மரத்தடியில் முழங்கால் போட்டு ஜெபித்தார்கள். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் உன் தலையில் கைவைத்து, "பையன் எழுந்து நடப்பாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ அதை நம்பி, அவனுக்குப் புதுச் செருப்பு வாங்கிவரச் சொன்னாய். நான்தான் போய் வாங்கிவந்தேன்.

அடக்கம் முடிந்த வீட்டில் பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தி உன் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தரு நல்ல பூவா பாத்துப் பறிச்சிக்கினாரு" என்றாள்.

"அவருக்குத் தோட்டமே இருக்குதே. எங்கிட்ட இருந்தது ஒத்தச் செடி" என்றாய் நீ.

நான் கோயிலுக்குப் போவதை அந்த மாதமே விட்டேன். விபத்துச் செய்திகளை எழுதியே வயதானவன் நான். சாலையோரத்தில் துணி போட்டு மூடியிருந்த எத்தனையோ பேரைப் பார்த்தபோது அசையாத ஒன்று, சாமைப் பார்த்ததும் விழுந்துவிட்டது. நீ போவதை விடவில்லை. கதவோரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய். பாட்டுக்கு எழுந்து நின்றாய், வாய் திறக்கவில்லை.

பெரிய வெள்ளி ஆராதனையில், சிலுவையில் கர்த்தர் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் பேசுவது நம் சபை வழக்கம். அதற்கு ஆள் பிரித்த ஞாயிற்றுக்கிழமை, உன்னைக் கூட்டிப்போக வந்த நான் வாசலில் நின்றிருந்தேன். கள்ளனுக்கு மன்னிப்புக் கிடைக்கிற இரண்டாம் வார்த்தைக்கு எப்போதும் போட்டி. தேவனே, ஏன் கைவிட்டீர் என்று அவர் கதறுகிற நாலாம் வார்த்தையை யாரும் விரும்பி எடுப்பதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து நீ எழுந்தாய்.

"நாலாவது எனக்குக் குடுங்க."

சபை மூப்பர் தயங்கினார். "மூணாவது எடுத்துக்கோம்மா. தாயும் புள்ளையும் வர்ற வார்த்தை. உனக்குப் பொருத்தமா இருக்கும்."

"அதுல சீஷன் ஒருத்தன, அந்தம்மாவுக்கு வேற புள்ளையாக் காட்டிட்டுப் போறாரு. எனக்கு வேற புள்ள வேணாம்."

"அழுது கிழுது பேஜாரு பண்ணிடாதம்மா."

"நான் அழ மாட்டேன். நீங்க அழுவாம பாத்துக்கோங்க."

பெரிய வெள்ளியன்று, வாசலில் நின்று நான் கேட்க, நீ பேசியது சில வாக்கியங்கள்தான். "இதுக்குப் பதில் வந்துச்சான்னு பாத்தேன். சிலுவையில வரல. மூணாம் நாளு அவரு எழுந்தப்ப வந்துச்சின்னு சொல்வீங்க. எனக்கு இன்னும் வெள்ளிக்கெழமைதான் நடந்துக்கினு இருக்குது." அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். தாகமாயிருக்கிறேன் என்கிற ஐந்தாம் வார்த்தைக்காரர் எழுந்து நின்று, வெகுநேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

கஞ்சி வாங்குகிற இடத்தில் உன்னிடம் கேட்டேன். "இவ்ளோ கோவத்த வச்சிக்கினு ஏன்க்கா வர்றே? என்ன மாதிரி வுட்டுட வேண்டியதுதானே?"

"இல்லாதவங்க மேல யாருடா கோச்சிப்பாங்க? எனக்குக் கோவம் தீரவே மாட்டேங்குது. அத வச்சித்தான் இருக்காருன்னு நெனைக்கிறேன்."

"இதெல்லாம் ஒரு சாட்சியா?"

"உன் பேப்பர்ல போட ஆவாது. கஞ்சியக் குடி, ஆறிடப்போவுது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நாலாவது உனக்கென்றே ஆனது. சென்ற மழைக்காலத்தில் நீ படுத்தபோதுதான், நெஞ்சுவலியை வெகுநாளாக மறைத்துவந்திருக்கிறாய் என்று தெரிந்தது. கடைசியில் ஒரு சமாதானம் வந்ததாகச் சொல்வார்களே, அப்படி எதையும் உன் முகத்தில் நான் பார்க்கவில்லை. "பதில் வந்துச்சாக்கா?" என்றேன். தலையை மட்டும் அசைத்தாய். இல்லை என்று. பிறகு, "நேர்ல போய்க் கேக்கறேன்" என்றாய். உன் கட்டிலுக்கு அடியில் அந்தச் செருப்பு, பெட்டி பிரிக்காமல் இருந்தது.

போன மாதம் போதகர் போன் செய்தார். "சார், நாலாவது காலியா இருக்குது. யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

"எனக்கு நம்பிக்கை இல்லீங்களே, பாஸ்டர்."

"உங்க அக்கா மட்டும் நம்பிக்கையாவா பேசினாங்க? வாங்க சார்."

இன்று போனேன். நீ நின்ற இடத்தில் நின்றேன். "இங்க நின்னுதான் எங்க அக்கா வருஷா வருஷம் கேட்டாங்க. பதில் வந்ததா எனக்குத் தகவல் இல்ல. வராதத வந்துச்சின்னு சொல்ல எனக்குத் தெரியாது. அதே கேள்விய நானும் கேக்கறேன்." பேசிவிட்டு உட்காரப் போனேன். கடைசி பெஞ்சில் உன் இடத்தில் யாரோ குடையை வைத்திருந்தார்கள்.

சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். வலியை மறைத்தாயே, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று வாய்க்குள் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஒரு கிழவன் தனியாக முணுமுணுப்பதைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் தள்ளி உட்கார்ந்தார். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது, இல்லாதவங்க மேல யாருடா கோச்சிப்பாங்க என்று நீ கேட்டது நினைவுக்கு வந்தது.

விழுப்புரம் வரும்வரை திட்டுவதை நான் நிறுத்தவில்லை, அக்கா.