உள்ளே பிடித்த தையல்

அன்புள்ள மச்சினிக்கு மாமா எழுதுவது. நீயும் சகலையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது தாள். போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

உன் அக்காவுக்குப் புற்றுநோய். முதுகெலும்பு வரை வந்துவிட்டது. இனி ஊசி மருந்தும் கரண்டு வைத்தியமும் வேண்டாம், வலி தெரியாமல் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வாரம் இரண்டு நாள் ஒரு நர்ஸம்மா வருகிறார். பேச்சில் பட்டாளம், கை மட்டும் பஞ்சு. போகும்போது நான் சாப்பிட்டேனா என்று அடுக்களைப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.

வலி பத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். உன் அக்கா, ரெண்டுதான் என்பாள். நானும் நம்பினேன். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற தையற்காரன் நான். ஊருக்குச் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

நானும் ஒரு கள்ளத்தனம் செய்தேன். இளைப்பது அவளுக்குத் தெரியக் கூடாதென்று, மத்தியானம் அவள் கண்ணயர்ந்ததும் அவள் சட்டைகளை எடுத்துப் பக்கவாட்டில் உள்ளே ஒரு தையல் பிடித்துவிடுவேன். பத்து நாளைக்கு ஒரு தையல். போட்டுப் பார்த்து, நான் அப்படியேதான் இருக்கேன் என்பாள். நான் தலையாட்டுவேன்.

போன செவ்வாய்க்கிழமை சட்டை மாற்றும்போது, உள்பக்கம் வரிசையாக ஓடிய தையலை நர்ஸம்மா பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, யாரை யார் ஏமாத்துறீங்க என்று கேட்டார். உன் அக்கா சிரித்தாள். மூணாவது தையல்லயே தெரியும், பாவம் மெனக்கெடுறாரேன்னு விட்டுட்டேன் என்றாள். அப்ப அந்த ரெண்டு நிஜமா என்று கேட்டார் நர்ஸம்மா. அவள் என் முகத்தைப் பார்த்தாள். எட்டு என்றாள்.

நர்ஸம்மா டாக்டருக்குப் போன் செய்து கேட்டு மருந்தைக் கூட்டினார். அன்றைக்கு நாலு மணி நேரம் தூங்கி எழுந்து, பசிக்குது என்றாள்.

அடுத்த முறை நர்ஸம்மா வந்தபோது, உடம்பைத் தவிர வேற எங்க வலிக்குது என்று கேட்டார். உன் அக்கா, என் தங்கச்சி என்றாள். அன்று நீ நிறைமாதமாக இருக்கிறாயே என்று உங்கள் அம்மா சாகக் கிடந்ததை உன்னிடம் மறைத்தாள். எல்லாம் முடிந்தபின் வந்து நின்று, எனக்காக முடிவு பண்ண நீ யார் என்று கேட்டாயே, ஆறு வருஷமாக அது அவள் காதை விட்டுப் போகவில்லை. அப்படியும் புத்தி வரவில்லை பார், உனக்குச் சொல்லக் கூடாது, பாவம் அலைவாள் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். மறைத்து மறைத்து இந்த வீட்டில் பட்டது போதும். சத்தியத்தை மீறுகிறேன்.

இவ்வளவும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இடப்பக்கம் திரும்ப முடியல, வந்தா வலப்பக்கம் உக்காரச் சொல்லுங்க என்றாள்.

தையல் பிடித்த துணியில் ஒரு இழைகூட நான் வெட்டவில்லை, உடம்பு தேறினால் பிரித்துவிடலாமே என்று. தையற்காரன் ஆசை, வேறென்ன. சட்டையில் இன்னும் இரண்டு தையலுக்குத்தான் இடம் இருக்கிறது. குழந்தைக்கு என் ஆசிகள். சீக்கிரம் வாம்மா.

உன் மாமா